வீட்டுத் தோட்டம்: வெங்காயத்திற்குத் துணையாக ஒரு புல்



சென்ற திங்கள் இப்பகுதியில் பசலைக்கொடியைப் பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்த சகோதரி ஒருவர் சந்தையிலே என்னை நிறுத்தி, "அண்ணா, பசலை கிடக்கட்டும், பந்தல் போட எங்கள் வீட்டில் இடமில்லை. கைப்பேசியில் சமையல் காட்டுகிறவர்கள் எதன்மேலும் பச்சையாக ஒன்றை நறுக்கித் தூவுகிறார்களே, சைவ்ஸ் என்று. அது நம் பத்துபஸ்தியில் வருமா? வருமென்றால் ஒரு தொட்டி வைத்துப் பார்க்கிறேன். வெங்காயம் விற்கிற விலைக்கு அதுவாவது உதவாதா?" என்று கேட்டார். வினா நல்ல வினா. நின்ற நிலையிலே விடை சொல்லிவிடக்கூடியது அன்று. ஆதலின் அடுத்த இதழில் எழுதுகிறேன் என்று சொல்லி வந்தேன்.

சுருக்கமான விடையை முதலிலேயே தந்துவிடுகிறேன். சைவ்ஸ் என்னும் அந்தச் செடி நம் தீவில் நிலைக்காது. அதன் விதைக்காகப் பணத்தைச் செலவிட வேண்டா. ஆயினும் அதற்கு உடன்பிறந்த செடியொன்று இருக்கின்றது. அது நம் வெயிலையும் மழையையும் தாங்கும். ஒருமுறை வேரூன்றினால் ஆண்டுக்கணக்கில் அறுத்துக்கொண்டே இருக்கலாம். அதனைப் பற்றியே இத்திங்கள் எழுதுகின்றேன். அதனோடு என் வீட்டில் நேர்ந்த அபாயம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லப் போகின்றேன். இச்செடியை வைக்க விரும்புவோர் மற்றவற்றைப் படிக்காவிடினும் அதனை மட்டுமாவது படித்தாக வேண்டும்.

வெங்காயத்தின் வழி

நம் அடுப்பங்கரைக்கு வெங்காயம் வந்து சேரும் வழியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மகாராட்டிரத்தில் நாசிக் மாவட்டத்துக் கரிசல் மண்ணில் விளைந்து, லாசல்காவ் போன்ற சந்தைகளில் ஏலம் போய், லாரியிலோ சரக்கு வண்டியிலோ சென்னையை அடைந்து, அங்கே கப்பலேறி, ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலைக் கடந்து மூன்று நாளில் நம் துறைமுகத்தைச் சேர்கின்றது. வங்கக்கடலில் புயற்சின்னம் என்றால் அம்மூன்று நாள் எத்தனை நாளாகும் என்று எவராலும் சொல்ல முடியாது. மெயின்லேண்டில் விலை ஒரு சாண் ஏறினால் இங்கே ஒரு முழம் ஏறும். 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்ததும், அவ்வாண்டு டிசம்பரில் மெயின்லேண்டு நகரங்களிலேயே கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதும் நினைவிருக்கும். 2023 டிசம்பரிலும் அதே தடை வந்து, 2024 மே மாதத்தில்தான் நீங்கியது. அக்காலங்களில் நம் இல்லத்தரசியர் வெங்காயத்தை எண்ணி எண்ணி உரித்த காட்சியை நான் என் வீட்டிலேயே கண்டேன்.

வாங்கி வைத்த வெங்காயமாவது நிலைக்கின்றதா? நம் ஈரக்காற்றில் ஒரு வாரத்தில் முளைவிடுகின்றது. தோலுக்கடியில் கரிப்பொடி போலப் பூஞ்சை பிடிக்கின்றது. கூடையின் அடியில் இருப்பவை அழுகி நாறுகின்றன. இரண்டு கிலோ வாங்கினால் ஒன்றரைக் கிலோதான் வாணலிக்குப் போகின்றது என்பது என் தாயாரின் கணக்கு.

இங்கேயே பயிரிட்டால் என்ன என்று கேட்கலாம். வெங்காயம் குமிழ் முற்றி உலர்வதற்கு வறண்ட வானம் வேண்டும். நமக்கோ மே மாதத்தின் பிற்பகுதியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கி, அது ஓயுமுன் வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டு, டிசம்பர் வரை விடுவதில்லை. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவிற்கு மழை. எஞ்சிய நான்கு மாதமோ குடிநீருக்கே குழாயைப் பார்த்திருக்கும் காலம். ஆகவே குமிழை மறந்துவிட்டு, தாளை நாடுவதே அறிவுடைமை. குமிழ் மண்ணுக்குள் முற்ற வேண்டும். தாளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

நான் தோற்ற கதை

சைவ்ஸ் குளிர்நாட்டுச் செடி. ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் வட அமெரிக்காவிலும் தானே வளர்வது. நம் நாட்டிலும் காசுமீரம் முதலிய மேற்கு இமயப் பகுதிகளில் காட்டுச்செடியாக உண்டு. இலை உருண்டையாக, உள்ளே குழலாக, ஊசி போல் மெலிந்திருக்கும். பூ ஊதா நிறம். அது குளிரில் உறங்கி இளவேனிலில் எழும் இயல்புடையது. அதனைக் கொண்டுவந்து, ஆண்டு முழுவதும் 23 பாகைக்குக் கீழே பெரும்பாலும் இறங்காத நம் ஊரில் வைத்தால் அது என்ன செய்யும்?

என்ன செய்யும் என்பதை நான் மூன்று விதைப் பொட்டலம் வாங்கி அறிந்துகொண்டேன். முதற் பொட்டலம் முளைக்கவேயில்லை. இவ்வினத்து விதை ஓராண்டிற்குமேல் உயிர் தாங்குவது அரிது; வெப்பமும் ஈரமும் உள்ள அலமாரியில் அவ்வளவும் தாங்காது. இரண்டாவது முளைத்தது. தலைமயிர் போல இருபது முப்பது நின்றன. கடைக்குட்டி மகன் நாள்தோறும் எண்ணிக்கொண்டிருந்தான். ஜூன் மாதத்து மழை ஒரே இரவில் அவற்றைத் தரையோடு படுக்க வைத்தது. மூன்றாவதைத் தாழ்வாரத்திற்குள் வைத்து வளர்த்தேன். விரல் நீளம் வளர்ந்து, நுனி மஞ்சளித்து, மார்ச்சு வெயிலில் மறைந்தது. "இந்தப் பணத்திற்கு வெங்காயமே வாங்கியிருக்கலாம்" என்று என் மனைவி சொன்னாள். மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

ஆச்சி கொடுத்த தூர்

நம் தீவில் கொத்தமல்லி படும் பாட்டை அறிவீர்கள். மழைக்காலத்தில் அது அழுகும், கோடையில் பூத்துப்போகும். அதற்காக நாம் ரசத்தை விட்டுவிட்டோமா? வேலியோரத்தில் நீண்ட இலையும் விளிம்பிலே முள்ளும் கொண்ட பர்மா தனியாவைப் பறித்துப் போடுகின்றோம். அது கொத்தமல்லிக்கு உற்ற இனமும் அன்று. அமெரிக்க வெப்பநாட்டிலிருந்து உலகம் சுற்றி வந்தது. ஆனாலும் மணம் ஒன்று. நிழலிலும் மழையிலும் நிற்கும். 1978-இல் தொடங்கப்பட்டு காராச்சர்மாவில் இயங்கிவரும் மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் அதில் தேர்ந்த இரகம் ஒன்றையே வெளியிட்டிருக்கின்றனர். மெயின்லேண்டிலிருந்து வரும் விருந்தினர் முதல்நாள் முகம் சுளித்து, மூன்றாம் நாள் விதை கேட்பர்.

கொத்தமல்லிக்கு அப்படி ஒரு மாற்று இருக்குமானால் வெங்காயத்தாளுக்கு ஏன் இருக்கலாகாது என்று தோன்றியதே தவிர, எங்கே தேடுவது என்று தெரியவில்லை. அது எங்கள் தெருவிலேயே இருந்தது. பர்மாவிலிருந்து வந்து இத்தீவுகளில் குடியேறிய குடும்பத்து மூதாட்டி ஒருவர், கிணற்றடியில் உடைந்த சிமெண்டுத் தொட்டியில் புல்லைப் போல ஏதோ வைத்திருந்தார். புல் என்றே நானும் பல்லாண்டு எண்ணியிருந்தேன். ஒருநாள் அதனை அவர் அரிவாளால் கொய்து முந்தானையில் கட்டுவதைக் கண்டு கேட்டபோது, "இது தெரியாதா, தம்பி? பர்மாவிலே எங்களுக்கு இதுதான் வெங்காயம், இதுதான் பூண்டு. கிள்ளி மோந்து பாரு" என்றார். கிள்ளினேன். பூண்டு மணம் மூக்கைத் துளைத்தது.

அன்று மாலையே ஒரு தூரைப் பிடுங்கிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். இரயிலே ஓடாத இத்தீவில் இரயில் சீட்டுப் பதிவு செய்யும் சாளரத்தில் இருப்பவன் நான். "என் பேத்தி வேலூர் போக இருக்கிறாள், கீழ்ப்படுக்கை பார்த்துக் கொடு" என்று ஆச்சி அதே மூச்சில் சொன்னார். இருப்பதை இயந்திரம் கொடுக்கும் என்று நானும் அதே மூச்சில் சொல்லிவிட்டேன். அதற்காகத் தூரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

இச்செடியின் நூற்பெயர் அல்லியம் டியூபரோசம். ஆங்கிலத்தில் 'கார்லிக் சைவ்ஸ்' என்றும் 'சைனீஸ் சைவ்ஸ்' என்றும் விதைப் பொட்டலங்களில் எழுதியிருக்கும். சீனர்கள் பன்னெடுங்காலமாகப் பயிரிட்டுவருவது. இருளில் மூடி வைத்து, இலையை வெளிர் மஞ்சளாக்கி உண்பதும் அவர்கள் வழக்கம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 'கூச்சாய்' என்பார்கள். அங்குள்ள நம் மக்கள் மீ கோரிங்கில் இதனை நன்கு அறிவர். மணிப்பூரில் 'மரோய் நகுப்பி' என்று பெயர். வெங்காயம் சேர்க்காத வீடுகளும் அங்கே இதனைச் சேர்ப்பதுண்டு. நமக்குத் தமிழில் வழங்கும் பெயர் இல்லை. எங்கள் வீட்டில் பூண்டுப்புல் என்கிறோம். இக்கட்டுரையிலும் அப்படியே எழுதுகின்றேன்.

இலை தட்டையாக, அரை விரல் அகலத்திற்கும் குறைவாக, முழுமையாக இருக்கும், குழலாக இராது. பூ வெண்மை, விண்மீன் போல் சிறு பூக்கள் குடையாகக் கூடி நிற்கும். அடியில் வெங்காயம் போலப் பெருங்குமிழ் வைப்பதில்லை.

வைக்கும் முறை

விதையைவிடத் தூரே மேல். விதை நட்டால் முளைக்க இரண்டு வாரமும், அறுக்கத் தகும் நிலைக்கு நான்கைந்து மாதமும் ஆகும். தூர் நட்டால் இரண்டு மாதத்திற்குள் முதல் அறுப்பு. மழை ஓய்ந்து வெயில் கடுக்குமுன் உள்ள டிசம்பர் இறுதி, ஜனவரி மாதங்களே நடுவதற்கு ஏற்றவை. பழைய தூரைக் கிளப்பி, மண்ணை உதறி, ஐந்தாறு செடிகள் ஒரு பிடியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வேரையும் இலையையும் விரற்கடை நீளம் விட்டு நறுக்கி, முன்பு மண்ணில் புதைந்திருந்த ஆழமே புதையும்படி, பிடிக்குப் பிடி ஒரு சாண் இடைவெளியில் நடுக.

தொட்டி விலைக்கு வாங்க வேண்டிய பொருளன்று. எண்ணெய் டின், பெயிண்டு வாளி, உடைந்த குடம் எதுவாயினும் ஒரு சாண் ஆழம் இருந்தால் போதும். அடியில் நான்கைந்து துளை இடுக. இரண்டு செங்கல் வைத்து அதன்மேல் ஏற்றுக. இந்தச் செங்கலைப் பலர் வேண்டாத வேலை என்று விட்டுவிடுகின்றனர். நம் மழையில் தரையோடு ஒட்டிய தொட்டியின் துளை சேற்றால் அடைபட்டு, வேர் நீரில் நின்று அழுகும். பூண்டுப்புல் மழையைத் தாங்கும் என்றேன். தேங்கிய நீரைத் தாங்கும் என்று சொல்லவில்லை. தகரக் கூரையின் விளிம்பிலிருந்து நீர் கொட்டும் கோட்டின் கீழே எக்காரணத்தாலும் வைக்கற்க. அந்தத் தாரை இலையையும் ஒடிக்கும், மண்ணையும் அரிக்கும். ஒரு முழம் உள்ளே தள்ளியோ, இரண்டு முழம் வெளியே தள்ளியோ வைக்கலாம். நாளுக்கு நான்கு மணி நேர வெயில் வேண்டும்.

மண் இரண்டு பங்கு, மக்கிய சாணமோ இலைக்குப்பையோ ஒரு பங்கு, பிய்த்த தென்னைமட்டை நார் ஒரு பங்கு. நம் மேட்டுநிலத்து மண் பெரும்பாலும் புளிப்பு. ஆதலின் ஒரு கைப்பிடி விறகுச் சாம்பலோ, இடித்த முட்டையோடோ கலந்துகொள்க. இளக்கத்திற்காகக் கடற்கரை மணலை அள்ளிவரச் சிலர் சொல்வர். அதற்குச் சட்டமும் இடந்தராது. அதிலுள்ள உப்பும் வெங்காய இனத்திற்குப் பகை. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப்பின் சிப்பிகாட்டுப் பக்கத்துத் தாழ்நிலம் அமிழ்ந்து, வயல்களில் கடல்நீர் புகுந்து நின்றதை நாம் கண்ணாரக் கண்டோம். உப்பு ஏறிய மண் என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டா.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நீர் பற்றாக்குறை. அரிசி கழுவிய நீர், பருப்பு கழுவிய நீர் இவற்றை ஊற்றினாலே ஒரு தொட்டி பிழைக்கும். சோப்பு கலந்த நீர் கூடாது.

அறுக்கும்போது கத்தியால், தரைக்குமேல் இரண்டு விரற்கடை விட்டு அறுக்க வேண்டும். இலை நுனியை மட்டும் கிள்ளுவது பிழை; நுனி வெளுத்து நின்றுவிடும். மூன்று நான்கு வாரத்தில் மீண்டும் தழைக்கும். மூன்று முறை அறுத்தபின் ஒரு பிடி எரு கொடுக்க. பூந்தண்டு எழுந்தால் மொட்டாகவே ஒடித்துப் பொரியலில் சேர்த்துவிடலாம். விதை முற்ற விட்டால் அக்கம்பக்கமெல்லாம் உதிர்ந்து முளைத்துக் களையாகும். வெளியிலிருந்து வந்த உயிர்களால் இத்தீவுகள் பட்டது போதாதா?

அப்படி வந்து நம்மைப் படுத்துவதில் முதலிடம் நத்தைக்கு. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் இங்கே ஆண்ட காலத்தில் ஆப்பிரிக்கப் பெருநத்தையைக் கொண்டுவந்தனர். அவர்கள் போய்விட்டார்கள், நத்தை போகவில்லை. மழையிரவில் ஒரே நத்தை ஒரு தொட்டியைத் தரைமட்டமாக்கும். பூண்டு மணத்தால் பூண்டுப்புல்லை அது முதலில் தேடி வருவதில்லை. வேறொன்றும் கிடைக்காத இரவில் விட்டுவைப்பதும் இல்லை. உப்பைத் தூவினால் நத்தையோடு மண்ணும் கெடும். இரவு எட்டு மணிக்குமேல் விளக்கோடு சென்று, கையுறையோ நெகிழிப்பையோ அணிந்து பொறுக்கி, சோப்பு நீர் வாளியில் இடுவதே நான் கண்ட வழி. வெறுங்கையால் தொடாதீர்கள், பிள்ளைகளைப் பொறுக்க விடாதீர்கள். எலியின் நுரையீரல் புழுவை இந்நத்தை சுமக்கவல்லது. அது மனித உடலில் புகுந்தால் மூளையுறையைத் தாக்கும். ஆகவே இலையைப் பச்சையாகத் தூவி உண்பதாயின், ஒவ்வோரிலையாக ஓடும் நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். எங்கள் வீட்டில் மழைக்காலம் முழுவதும் வேகவைத்தே உண்கிறோம்.

நான் செய்த பிழை

முதலில் சொல்வதாகக் குறித்த செய்திக்கு வருகின்றேன்.

பலர் வீட்டு முற்றத்தில் மழை பெய்ததும் வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் பூக்கும் சிறு அல்லி ஒன்று உண்டு. மழை அல்லி என்பார்கள். செபிராந்தஸ் என்பது நூற்பெயர். பூவில்லாத காலத்தில் அதுவும் புல்லைப் போலவே, தட்டையாக, கரும்பச்சையாக, கொத்தாக நிற்கும். என் மனைவி அதனை இரண்டு தொட்டிகளில் வைத்திருந்தாள். நான் ஆச்சி கொடுத்த தூரைப் பிரித்து நட்டபோது, வேறு இடமில்லாமையால் அதே திண்ணையில், அதே நிறத்து வாளிகளில், அவற்றின் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். இது என் பிழை. வேறெவர் பிழையும் அன்று.

என் தாயாருக்குக் கண்ணில் புரை. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு மாலை, முட்டை தோசைக்காக ஒரு பிடி அறுத்து வந்து அம்மியருகே வைத்தார். என் கடைக்குட்டி, வயது ஆறு, நான் தொட்டியருகே நின்று ஓரிலையைக் கிள்ளி மெல்வதைப் பலமுறை பார்த்தவன். அவனும் அந்தப் பிடியிலிருந்து நான்கைந்தை உருவி மென்று தின்றிருக்கின்றான். என் மனைவி நறுக்கத் தொடங்கியவள் நிறுத்தினாள். "அத்தை, மணமே வரலையே" என்றாள். மோந்து பார்த்தாள்; மீண்டும் நறுக்கி மோந்தாள். வெறும் புல் வாடை. திண்ணைக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் மழை அல்லித் தொட்டி மொட்டையாக நிற்கின்றது.

அதற்குள் பையன் கசக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தான். ஒரு மணி நேரத்திற்குள் வாந்தி தொடங்கியது. நிற்கவில்லை. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் ஆட்டோ தேடிய அந்தப் பத்து நிமிடத்தை என் வாழ்நாளில் மறவேன். என் மனைவி புத்தி கூர்மையோடு செடியை வேரோடு பிடுங்கிப் பையில் எடுத்து வந்தாள். மருத்துவர் முதலில் கேட்டதே, "என்ன இலை, எவ்வளவு, கிழங்கைத் தின்றானா?" என்பதுதான். அவ்வினத்தில் லைகோரின் என்னும் நஞ்சு உண்டு என்றும், கிழங்கிலே அது மிகுதி என்றும், இவன் தின்றது இலை மட்டுமாதலின் அஞ்ச வேண்டா என்றும் சொல்லி, இரவு முழுவதும் நீர் ஏற்றினார். விடியுமுன் பையன் இட்டலி கேட்டான். என் தாயார் பத்து நாள் வரை அடுப்பங்கரைப் பக்கமே வரவில்லை. பேரனே போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தான்.

ஆகவே இதனைத் தயவுசெய்து கைக்கொள்ளுங்கள். மழை அல்லி, லில்லி முதலிய கிழங்குப் பூச்செடிகள் இருக்கும் இடத்திற்கு அருகே பூண்டுப்புல்லை வைக்காதீர்கள். வீட்டின் மறுபுறம் வையுங்கள். அறுத்ததைக் கசக்கி மோந்து பார்க்காமல் சமையலில் சேர்க்காதீர்கள். பூண்டோ வெங்காயமோ மணக்கவில்லையெனில் எறிந்துவிடுங்கள். கையில் முன்னே பூண்டு உரித்திருந்தால் அந்த மணம் ஏமாற்றும். கையைக் கழுவிய பிறகு மோந்து பாருங்கள். பூண்டுப்புல் தொட்டிக்கு நாங்கள் வெள்ளைச் சுண்ணாம்பு பூசிவிட்டோம். புரை விழுந்த கண்ணுக்கும் அது தெரியும். சீனத்திலும் ஜப்பானிலும் நார்சிசஸ் என்னும் பூச்செடியின் இலையை இதுவென்று எண்ணி உண்டு நோயுற்றவர்கள் பலர். எளிய மக்கள் மட்டும் ஏமாறும் காரியமன்று இது.

இன்னுமொன்று: மனிதர்க்கு நல்லதாகிய வெங்காய இனம் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு, அவற்றின் இரத்தத்தைக் கெடுக்கும். மிச்சம் மீதியை அவற்றிற்கு இடாதீர்கள்.

அடுப்பங்கரைக் கணக்கு

பூண்டுப்புல் வெங்காயத்திற்கு முழு மாற்று என்று நான் சொல்லமாட்டேன். சாம்பாருக்கும் மீன்குழம்புக்கும் வெங்காயம் வதங்கித் தரும் இனிப்பும் கெட்டியும் இதில் இல்லை. வாணலியில் நெடுநேரம் வதக்கினால் மணமும் போய் நாராகிவிடும். இறக்குமுன் தூவ வேண்டும். அதுவே இதன் இரகசியம். ஆம்லெட், முட்டை தோசை, அடை, உளுந்து வடை, தயிர்ப்பச்சடி, உருளைக்கிழங்குப் பொரியல், இறால் தொக்கு ஆகியவற்றில் வெங்காயமும் பூண்டும் செய்யும் வேலையை இது ஒன்றே செய்யும். தேங்காய், பச்சைமிளகாய், புளியோடு சேர்த்து ஒரு கொதி வதக்கி அரைத்த துவையல் என் தாயாரின் கண்டுபிடிப்பு. கஞ்சிக்கு அதனினும் சிறந்தது இல்லை. செவ்வாய் வெள்ளிகளில் வெங்காயம் விலக்கும் வீடுகளில் இது ஆகுமா என்று கேட்கிறார்கள். மணம் பூண்டு, இனம் வெங்காயம். விலக்குவோர் இதனையும் விலக்குவதே நேர்மை.

எங்கள் வீட்டில் ஐவர். நான்கு வாளிகள் இருக்கின்றன. வாரம் ஒன்றாக அறுக்கின்றோம். முன்பு திங்களுக்கு ஆறு கிலோ வெங்காயம் வாங்கினோம், இப்போது நான்கு. இந்த இரண்டு கிலோவின் விலை சாதாரண நாளில் பெரிதன்று. கப்பல் வராத வாரத்தில் பெரிது.

தூர் கிடைக்கும்வரை காத்திருக்க மனமில்லாதவர்கள் முளைவிட்ட சின்ன வெங்காயத்தை எறியாமல், அதே கலவையில் கழுத்து வெளியே தெரியும்படி நெருக்கி நட்டு வைக்கலாம். பத்துப் பன்னிரண்டு நாளில் தாள் எழும். இரண்டு முறை அறுக்கலாம். மூன்றாவது முறைக்குச் சத்து இராது. மழையில் அழுகவும் தொடங்கும். அழுகல் நாற்றம் கண்டவுடன் மண்ணோடு கொட்டிவிட வேண்டும். அந்த மண்ணில் மறுபடி வெங்காய இனம் எதனையும் ஓராண்டிற்கு வைக்கலாகாது.

என்னிடமுள்ள தூர்கள் இவ்வாண்டு நெருங்கிவிட்டன, பிரித்தாக வேண்டும். ஜனவரித் திங்கள் சங்கக் கூட்டத்திற்கு இருபது பிடி கொண்டு வருவேன். முதற்பிடி சந்தையில் கேட்ட சகோதரிக்கு. வேண்டுவோர் துளையிட்ட டப்பாவோடு வருக. பை கொண்டு வருவோர்க்கு வேர் காய்ந்துவிடும். வீட்டில் மழை அல்லி வைத்திருப்போர் அதனை முன்கூட்டியே என்னிடம் சொல்லிவிட வேண்டும். தொட்டிக்குப் பூசச் சுண்ணாம்பும் ஒரு சிறு பொட்டலம் கட்டி வைத்திருப்பேன்.